குளிர்ந்த நீரும் மூச்சுள்ள நீரும்

ட்ரவுட், சால்மன் தூண்டில் பற்றி மேல்நாட்டில் எழுதப்பட்ட எந்த நூலைப் புரட்டினாலும் ஒரு விதி திரும்பத் திரும்ப வரும். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகும், மீன் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கு இறங்கும், ஆகவே நரம்பை நீளமாக விட்டு ஆழத்தில் இரையை வையுங்கள் என்பதே அந்த விதி. குளிர்நாட்டு ஏரிகளில் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேறிய விதி அது. ஆனால் அதை அப்படியே எடுத்து வந்து வைகை அணைக்கரையில் உட்கார்ந்து ஏப்ரல் மாத வெயிலில் 40 அடியில் இரையை இறக்கினால், மாலை வரை தக்கை அசையாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி அணைகளிலும் மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். வெப்ப அடுக்கு அந்த ஆக்சிஜன் எதுவரை இறங்கும் என்று கோடு போடுகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் தூண்டிலின் ஆழத்தைக் குருட்டாம்போக்கில் வைக்க வேண்டியிருக்காது.

முதலில், அந்த விதி பிறந்த இடத்தில் அது ஏன் சரி என்று பார்க்க வேண்டும். நீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிகக் கனமாக இருக்கும். குளிர்நாட்டு ஏரி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேலிருந்து அடிவரை அந்த 4 டிகிரியை ஒட்டிய குளிருக்கு வந்துவிடுகிறது. வசந்தத்தில் காற்று அதைக் கலக்கி, அடிவரை ஆக்சிஜனை ஏற்றுகிறது. பிறகு கோடை வெயில் மேல்நீரை மட்டும் 20 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. சூடான நீர் லேசானது, மேலேயே மிதக்கிறது. குளிர்ந்த நீர் கனமானது, அடியிலேயே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சில அடிகளுக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஓர் இடையடுக்கு உண்டாகிறது. தெர்மோகிளைன் என்று நூல்கள் சொல்வது இதைத்தான். ட்ரவுட் 10 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரில் நன்றாக இரை எடுக்கும். 20ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அது இடையடுக்கை ஒட்டியோ அதற்குக் கீழோ போய் நிற்கிறது. அங்கே அதற்குக் குளிர்ச்சியும் கிடைக்கிறது, வசந்தத்தில் சேர்ந்த ஆக்சிஜனும் பெரும்பாலும் மிச்சம் இருக்கிறது. குளிர்ந்த நீரில் அடிமண்ணின் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால் அந்தச் சேமிப்பு கோடை முழுவதும் தாங்குகிறது. மேல்நாட்டு விதியின் உயிர்நாடி இந்தச் சேமிப்புதான். அடியில் இருக்கும் குளிர்ச்சி போன குளிர்காலத்தின் மிச்சம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் அணைகளின் அடியில் எந்தக் குளிர்காலத்தின் மிச்சம் இருக்கிறது? மார்கழி, தை மாதங்களின் மிச்சம். தேனிச் சமவெளியில் அந்த மாதங்களின் இரவுக் காற்று 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும், பகல் வெயிலைக் குடித்த நீர் அவ்வளவு தூரம் குளிர்வதில்லை. வருடத்தின் மிகக் குளிர்ந்த நாட்களில் முழு அணையும் எந்த வெப்பத்துக்கு வந்து கலந்ததோ, அதற்குக் கீழே அடிநீர் போக வழியே இல்லை. எவ்வளவு ஆழமான அணையாக இருந்தாலும் இதே கணக்குதான். "வைகை அணையில் ட்ரவுட் குஞ்சு விட்டால் ஆழத்தில் பிழைத்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அதற்குத் தேவையான குளிர் அங்கே எந்த ஆழத்திலும் இல்லை. ட்ரவுட் நம் பக்கத்தில் வேர்விட்டது மலை உச்சிகளில் மட்டும். 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரியில் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகுதான் அது அங்கே நிலைத்தது. கம்பத்துக்கு அருகில் என்றால், போடி மலைக்கு அப்பால் மூணாறின் உயர்ந்த ஓடைகளில் தேயிலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்த வானவில் ட்ரவுட் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் காற்று ஏறக்குறைய 6 டிகிரி குளிர்கிறது, அந்த ஏற்றம்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. சால்மனோ எங்கும் இல்லை. மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா கடல் மீன், சால்மன் குடும்பத்தோடு அதற்கு உறவே கிடையாது. எனவே இந்த அத்தியாயத்தில் ட்ரவுட் ஓர் ஒப்பீடு மட்டுமே. நாம் தூண்டிலிடப் போவது கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை, ஜிலேபி, விரால், வாளை ஆகியவற்றுக்கு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நம் அணையில் மேலுக்கும் அடிக்கும் மூன்று, நான்கு டிகிரிதான் வித்தியாசம் என்றால் அதை அடுக்கு என்று சொல்லலாமா? லேசான காற்றுக்கே கலந்துவிடாதா? கலக்காது. காரணம், நீரின் கனம் எல்லா வெப்பத்திலும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. 4 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு ஏறும்போது ஒரு கன மீட்டர் நீரின் எடை 120 கிராம் அளவுக்குத்தான் குறைகிறது. 26லிருந்து 30க்கு ஏறும்போதோ ஒரு கிலோவுக்கும் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. இரண்டிலும் ஏற்றம் அதே நான்கு டிகிரிதான், எடை வித்தியாசம் ஒன்பது மடங்கு. எண்ணெய் தண்ணீர் மேல் மிதப்பதுபோல, சூடான நாட்டின் மேல்நீர் தன் அடிநீர் மேல் மிதக்கிறது. தெர்மோமீட்டரில் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கினால்தான் இடையடுக்கு என்று குளிர்நாட்டு நூல்கள் வைத்திருக்கும் அளவுகோல் இங்கே உதவாது. மீட்டருக்கு அரை டிகிரி இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

கலக்காத அடிநீருக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்த வாதத்தின் நடுவிடம். நீருக்கு ஆக்சிஜன் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மேற்பரப்பில் தொடும் காற்று, இன்னொன்று வெயில் படும் ஆழம் வரை பாசியும் நுண்செடிகளும் விடும் ஆக்சிஜன். அடிநீருக்கு இரண்டு வழியும் அடைபட்டிருக்கின்றன. அதே நேரத்தில் ஆறு கொண்டுவந்த இலை தழை, வண்டல், கழிவு, செத்த பாசி எல்லாம் அடியில்தான் மக்குகின்றன. மக்குவதற்கு ஆக்சிஜன் செலவாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே குளிர்நாட்டில் ஒரு கோடை முழுக்கத் தாங்கும் சேமிப்பு இங்கே சில வாரங்களில் தீர்ந்துவிடக்கூடும். "குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே" என்பார்கள். கரையும் என்பது உண்மைதான். கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி நீர் லிட்டருக்கு அதிகபட்சம் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 26 டிகிரி நீர் 8.1 தாங்கும். லாபம் அரை மில்லிகிராம். அந்த அரை மில்லிகிராமுக்காகக் காற்றே படாத அடியில் போய் மீன் நிற்காது. பாத்திரம் பெரிதாக இருந்து என்ன பயன், அதில் ஊற்ற ஆள் இல்லையே. கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் சுகம். 3க்குக் கீழே போனால் இரை எடுப்பது குறையும், அந்த நீரைவிட்டு அவை விலகும். அடிநீர் முழுவதும் செத்துப்போன நிலையில், தூண்டிலின் ஈயக் குண்டை மேலே இழுத்து மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நரம்பின் கடைசி முழத்தில் கறுப்புச் சேறு வழவழவென்று ஒட்டியிருக்கும். முள்ளில் செருகிய மண்புழு துவண்டு தொங்கும். அந்த ஆழத்தில் மீன் இருக்காது. இருந்தாலும் வாய் திறக்காது.

அடுத்த மறுப்பு உள்ளூர்க்காரர்களிடமிருந்து வரும். இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு அடுக்கு எப்படி நிற்கும்? இது வலுவான கேள்வி, பதிலும் அணைக்கு அணை மாறுகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை அகன்று பரந்தது. முழு நீர்மட்டம் 71 அடி என்பது அணைச் சுவரை ஒட்டிய கணக்கு, அதிலும் வண்டல் படிந்த பகுதி உண்டு. ஆறு வந்து சேரும் குன்னூர்ப் பக்கம் போகப்போக நீர் இடுப்பளவுக்கும் முழங்காலளவுக்கும் குறைந்துவிடும். மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க நடுவில் மலை இல்லை. பெரியகுளத்துக்கு மேலே உள்ள சோத்துப்பாறை அணையோ 126.28 அடி ஆழம், அகலம் குறைவு, சுற்றிலும் மலை. ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஆனால் சோத்துப்பாறை மாதிரியான இடுக்கு அணையில் அடுக்கு விழுந்தால் மாதக்கணக்கில் நிற்கும். வைகையில் அது காற்றின் தயவில் நிற்கிறது. தண்ணீரை எந்த மட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். முல்லைப் பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள நீர் தேக்கடிச் சுரங்கத்துக்கு ஏறாது. மட்டம் 130 அடியில் நின்றாலும் நம் பக்கம் வருவது மேலே உள்ள 26 அடி நீர்தான், அதற்குக் கீழே இருப்பது தன் இடத்திலேயே கிடக்கிறது. அடிமதகு வழியாக நீர் விடும் அணையில் இதற்கு நேர்மாறாக அடிநீர் முதலில் போகிறது, மேல்நீர் இறங்கி வருகிறது, நல்ல நீரின் ஆழம் கூடுகிறது. மதகு திறந்த பிறகு ஓரிரு வாரத்தில் மீன் இன்னும் சற்று ஆழத்தில் கடித்தால் வியப்படைய வேண்டியதில்லை. (பெரியாறு ஏரி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வெளியாட்கள் அங்கே தூண்டில் போடக் கூடாது. வைகையிலும் மற்ற அணைகளிலும் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை மீன்வளத் துறையில் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே கரையில் இறங்க வேண்டும்.)

ஆக, வைகைக்கு அடுக்கின் நாட்காட்டி ஒன்று உண்டு. மாசியிலிருந்து சித்திரை முடிய வானம் தெளிவு, வெயில் ஏறுமுகம், காற்று அடங்கியிருக்கும் நாட்கள் அதிகம். அடுக்கு இறுகும் காலம் இது. அணையின் மட்டமும் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும். இந்த மாதங்களில் ஆழத்தை நம்ப வேண்டாம். இரை மேல் அடுக்கின் கீழ்ப்பாதியில், அதாவது இடையடுக்குக்கு இரண்டு மூன்று அடி மேலே நிற்கட்டும். மீன் வெளிச்சத்துக்கும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் பயந்து கீழே இறங்கப் பார்க்கும், கீழே மூச்சு முட்டும். இரண்டு தொல்லைக்கும் நடுவில் அது ஒதுங்கும் இடம் அந்தப் பட்டைதான். மேல்நாட்டு ட்ரவுட்டும் இடையடுக்கை ஒட்டித்தான் நிற்கிறது, நம் ரோகுவும் இடையடுக்கை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் அது கீழே குளிரை விரும்பி அங்கே வருகிறது. இது கீழே போக முடியாமல் அங்கே நிற்கிறது. அங்கே இரையை இரண்டடி தாழ்த்தினாலும் பலன் இருக்கலாம், இங்கே இரண்டடி தாழ்த்தினால் எல்லாம் போச்சு.

வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று கணவாய் வழியே இறங்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. ஒரே திசையிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்கே, அணைச் சுவர்ப் பக்கம் குவிக்கிறது. அங்கே சூடான, ஆக்சிஜன் நிறைந்த அடுக்கு தடிக்கிறது. மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் அதோடு ஒதுங்குகின்றன, அவற்றைத் தின்னும் கட்லாவும் பின்னால் போகிறது. காற்று அடித்து வரும் கரையில் தூண்டில் போடுவது வசதியில்லைதான், நரம்பு வளையும், தக்கை ஆடும், கண்ணில் தூசி விழும். இருந்தாலும் அலை வந்து மோதும் கரைதான் இந்த நாட்களில் நல்ல கரை. அணையின் பாதுகாப்புப் பகுதிக்குள் மட்டும் போய்விடக் கூடாது. காற்று தொடர்ந்தால் அலை சிறிது சிறிதாக இடையடுக்கைக் கரைத்து, ஆழம் குறைந்த பகுதிகளில் அடிவரை கலக்கிவிடுகிறது. மிர்கால் மறுபடி தரைக்கு இறங்குவது அப்போதுதான். ஜூனில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்காகப் பெரியாற்று நீரைத் திறப்பது வழக்கம். லோயர் கேம்ப் மின்நிலையத்தைக் கடந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி வழியாக வந்து, வயலுக்குப் போனது போக மிச்சம் அணையில் சேர்கிறது. மலையிலிருந்து இறங்கிய இந்த நீர் அணையின் மேல்நீரைவிடக் குளிர்ந்திருந்தால் அது மேலே பரவாது, ஓர் இடத்தில் தலைகுப்புற உள்ளே இறங்கும். அந்த இடம் கண்ணுக்கே தெரியும். ஆற்றுநீரின் செம்மை சட்டென்று நின்று தெளிந்த நீர் தொடங்கும் கோட்டில் நுரையும், வைக்கோல் துணுக்கும், காய்ந்த இலையும், தென்னம்பாளையும் வரிசையாக ஒதுங்கி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே புது நீர் தன்னோடு ஆக்சிஜனையும் இரையையும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. வெயில் காலம் முழுக்க ஆழத்தில் வேலையில்லை என்று மேலே சொன்னதற்கு இந்த இடம் ஒரு விலக்கு. ரோகுவுக்கும் மிர்காலுக்கும் இதைவிட நல்ல இடம் அந்த வாரங்களில் கிடைப்பது அரிது.

ஐப்பசி மழைக்குப் பிறகு இரவுகள் குளிரும்போது மேல்நீர் குளிர்ந்து, கனத்து, தானே அடிக்கு இறங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் அணை மெதுவாக ஒன்றாகிறது. மெதுவாக நடந்தால் நல்லது. கோடை இறுக்கத்துக்கு நடுவில் ஒரே இரவில் பெருமழையும் காற்றும் வந்து மொத்தமாகப் புரட்டிவிட்டால் ஆபத்து. செத்த அடிநீர் முழுவதும் மேலே கலந்து எல்லா நீரின் ஆக்சிஜனையும் பங்குபோட்டுக் குறைத்துவிடும். கண்மாய்களில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டு நிற்பதும், வெயில் ஏறுமுன் கரையில் ஒதுங்குவதும் பெரும்பாலும் இப்படி நடந்த மறுநாள்தான். அதைப் பார்த்து "மேலேயே இவ்வளவு மீனா" என்று தூண்டிலை எடுக்க வேண்டாம். மூச்சுக்குப் போராடும் மீன் இரை எடுப்பதில்லை. அதைத் துரத்திப் பிடிப்பதும் குளத்துக்குச் செய்யும் கேடு.

"உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்குப் போகும் என்று பரிசல்காரர்களே சொல்கிறார்களே" என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது தவறில்லை. அவர்கள் சொல்லும் ஆழம் காலையில் ஐந்தடியில் நின்றது மதியம் பன்னிரண்டடிக்குப் போவது. வலையைத் தரைவரை இறக்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. கோடையில் செவுள் வலையை எடுக்கும்போது மேல் கண்ணிகளில் மீனும், அடிக் கண்ணிகளில் சேறும் மட்டுமே வந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டியதில்லை. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன்தானே, அதற்கு ஆக்சிஜன் இல்லாத ஆழம் எப்படித் தடையாகும் என்றும் கேட்கலாம். சுவாசிக்க அது மேலே வந்தாக வேண்டும், அதனால்தான் அது ஆழம் குறைந்த, களை அடர்ந்த ஓரங்களை விட்டு நகர்வதில்லை. ஜிலேபி குறைந்த ஆக்சிஜனைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அதன் இரையான பாசி வெயில் படும் ஆழத்தில்தான் இருக்கிறது. வாளை இரவில் வேட்டையாடும், சின்ன மீன் இருக்கும் இடத்துக்கு அது வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, ஆனால் கோடை அணையின் ஆழ்ந்த நடுப்பகுதியை விட்டு எல்லாமே விலகி நிற்கின்றன.

மீதி இருப்பது அளப்பது. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எதிரொலிக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் திரையில் தெரியும் மங்கலான கோடு வெப்ப அடுக்கா, நுண்ணுயிர்த் திரளா என்று கையால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. வாய் குறுகிய கண்ணாடிப் பாட்டில் ஒன்று, அதற்கு இறுக்கமில்லாமல் பொருந்தும் தக்கை, அடியில் கட்ட ஒரு கிலோவுக்குக் குறையாத கல், மூன்றடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, தக்கையில் கட்ட இன்னொரு மெல்லிய நூல், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் தெர்மோமீட்டர் ஒன்று போதும். மூடிய பாட்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, நூலைச் சுண்டித் தக்கையைப் பிடுங்க வேண்டும். மேலே குமிழி வருவது நின்றால் பாட்டில் நிறைந்துவிட்டது என்று பொருள். வேகமாக மேலே இழுத்து, நிழலில் வைத்து, உடனே தெர்மோமீட்டரைச் செருகிப் படிக்க வேண்டும், பிறகு முகர்ந்தும் பார்க்க வேண்டும். மூன்றடிக்கு ஒருமுறை இப்படி எடுத்து ஒரு தாளில் எழுதினால், எந்த முடிச்சுக்கும் எந்த முடிச்சுக்கும் நடுவில் சூடு சட்டென்று இறங்குகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டைக் கயிற்றில் கட்டி, நிழல் விழும் பக்கமாக இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆழத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பாசி ஆக்சிஜன் விடும் அளவுக்கு வெளிச்சம் இறங்கும். தட்டு மூன்றடியில் மறைந்தால் ஏழெட்டு அடி. கலங்கிய வைகை நீருக்கு இது அடிக்கடி நேரும். காற்றில்லாத கோடை நாளில் இடையடுக்கு பதினைந்து அடியில் இருந்தாலும் தட்டுக் கணக்கு எட்டடி என்று சொன்னால், எட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிப் பார்ப்பது சரி. இரண்டு தூண்டில் இருந்தால் ஒன்றை எட்டடியிலும் மற்றொன்றைப் பன்னிரண்டிலும் நிறுத்தி, கடி விழும் பக்கம் மற்றதையும் மாற்றிக் கட்டலாம்.

மலை ஏறி அனுமதியோடு ட்ரவுட்டுக்குப் போகிறவர்களும் இதே பாட்டிலைக் கொண்டுபோகலாம், கணக்கு மட்டும் மாறும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 15 டிகிரி நீர் சமவெளியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்குமென்றால் அங்கே 8தான் தாங்கும். ட்ரவுட்டுக்கு 6க்குக் குறையாமல் வேண்டும். மலை ஏரியாக இருந்தாலும் பங்குனி வெயிலில் அடிநீர் கெட்டுப்போக இடம் உண்டு என்பதால், அங்கே குளிர்ச்சி, மூச்சு இரண்டையும் சேர்த்துப் பார்த்து 16 டிகிரிக்குக் கீழே போகும் முதல் முடிச்சில் நிறுத்த வேண்டும். சமவெளியில் தாளும் பாட்டிலும் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது வேறு. மே மாதம் பதினெட்டு அடியிலிருந்து நாற்றத்தோடும் குளிர்ச்சியோடும் வந்த நீர், ஜூன் காற்று இரண்டு வாரம் அடித்த பிறகு அதே முடிச்சிலிருந்து மேல்நீரின் சூட்டோடு, வாசனை எதுவும் இல்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அன்று மாலையே தக்கையை மேலே தள்ளி, நரம்பைத் தரைவரை விட்டு, மிர்காலுக்கு மாவு உருண்டை கட்டலாம்.